மலைச் சபையின் ஆண்டு: நீலகிரிப் பெந்தெகொஸ்தே விசுவாசிகளின் பருவங்களும் கூட்டு ஜெபமும்

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பகுதிகளில் உள்ள ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கு முதன்முறையாகச் செல்பவருக்கு இரண்டு செய்திகள் புதிதாகத் தோன்றும். முதலாவது, அங்கே ஜெபம் என்பது ஒருவர் சொல்ல மற்றவர்கள் கேட்டிருப்பது அன்று. போதகர் "ஜெபிப்போம்" என்றதும் கூடியிருக்கும் அனைவரும் ஒரே நேரத்தில் வாய்திறந்து, அவரவர் சொற்களில், சத்தமாக ஜெபிக்கிறார்கள். இரண்டாவது, கத்தோலிக்க ஆலயங்களிலும் சி.எஸ்.ஐ. ஆலயங்களிலும் காணப்படுவது போன்ற, திருவருகைக்காலம், தவக்காலம், உயிர்ப்புக்காலம் என்று பகுக்கப்பட்ட வழிபாட்டு ஆண்டு அங்கே இல்லை. இவ்விரண்டையும் தனித்தனியே விளக்கிவிடலாம். ஆயினும் மலையில் வாழும் சபையைப் பொறுத்தவரை இவை ஒன்றோடொன்று பின்னியவை. அச்சிட்ட அட்டவணை இல்லாத சபைக்கு மழை, பனி, தேயிலைக் கொழுந்து, காய்கறி, சுற்றுலாப் பயணிகள் வரும் சீசன் ஆகியவையே ஆண்டை வகுத்துத் தருகின்றன. ஒரு வீட்டின் பருவக் கவலை சபை முழுவதற்கும் உரிய கவலையாக மாறுவது கூட்டு ஜெபத்தில்தான். இச்சபைகளைப் பற்றி எதுவும் அறியாதவர்களுக்காக இந்த இணைப்பை இங்கே விளக்க முயல்கிறேன்.

பெந்தெகொஸ்தே சபையார் யார்?

பெந்தெகொஸ்தே என்பது யூதர்கள் பஸ்காவிலிருந்து ஏழு வாரங்களை எண்ணி ஐம்பதாம் நாளில் ஆசரித்த பண்டிகை. அடிப்படையில் அது ஓர் அறுவடைத் திருநாள்: கோதுமை அறுப்பின் முதற்பலனுக்குரிய நாள் என்று யாத்திராகமமும், புதிய மாவில் சுட்ட இரண்டு அப்பங்களை அன்று கர்த்தருக்குக் கொண்டுவர வேண்டும் என்று லேவியராகமமும் கூறுகின்றன. இயேசு உயிர்த்தெழுந்த பின் வந்த அந்தப் பண்டிகை நாளில், எருசலேமில் காத்திருந்த சீஷர்கள் பரிசுத்த ஆவியினால் நிரப்பப்பட்டு, தாங்கள் கற்றறியாத பாஷைகளில் பேசினார்கள் என்றும், பேதுருவின் பிரசங்கத்தைக் கேட்டு ஏறக்குறைய 3,000 பேர் அன்று சேர்க்கப்பட்டார்கள் என்றும் அப்போஸ்தலர் நடபடிகள் 2-ஆம் அதிகாரம் சொல்கிறது. கிறிஸ்தவர் அனைவரும் இந்த நிகழ்ச்சியை நம்புகிறார்கள். பெந்தெகொஸ்தே சபையார் அதற்கு ஒரு படி மேலே சென்று, அன்று நடந்தது அன்றோடு முடிந்துவிடவில்லை, இன்றைய விசுவாசியும் அதே அபிஷேகத்தையும் அந்நியபாஷை, தீர்க்கதரிசனம், சுகமளித்தல் போன்ற வரங்களையும் பெறலாம் என்று போதிக்கிறார்கள். குழந்தை ஞானஸ்நானத்தை இவர்கள் ஏற்பதில்லை. விசுவாசத்தைத் தானே அறிக்கையிடக்கூடிய வயதில் தண்ணீரில் முழுமையாக மூழ்கி எழுவதே ஞானஸ்நானம் என்பது இவர்கள் கொள்கை.

வரலாற்று நூல்கள் இவ்வியக்கத்தின் பிறப்பைப் பெரும்பாலும் அமெரிக்காவில் வைக்கின்றன: 1901-இல் கான்சாஸ் மாநிலத்தின் டொபீகாவில் சார்ல்ஸ் பார்ஹம் நடத்திய வேதாகமப் பள்ளி, 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா தெருவில் வில்லியம் சீமோர் நடத்திய கூட்டங்கள். அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்த சீமோரின் கூட்டத்தில், இனப்பாகுபாடு கடுமையாக இருந்த அக்காலத்திலேயே, கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தரையில் முழங்காலிட்டார்கள். ஆனால் இந்தியாவின் பங்கை இதற்குப் பின்தொடர்ச்சியாக மட்டும் கூறுவது சரியன்று. அசூசா தெருவுக்கு ஓராண்டு முன்னரே, 1905-இல், பூனாவை அடுத்த கேட்காவ்னில் பண்டித ரமாபாய் நடத்திய முக்தி மிஷனில், பெண்கள் திரளாகக் கூடி ஒரே நேரத்தில் சத்தமிட்டு ஜெபித்த எழுப்புதல், அதாவது விசுவாசம் புத்துயிர் பெற்றுப் பரவும் இயக்கம், உண்டாயிற்று. அதற்கும் வெகு முன்னர், 1860-இல், திருநெல்வேலிச் சீமையில் அருளப்பன் என்னும் தமிழ் ஊழியரின் வழியாக நடந்த எழுப்புதலிலேயே அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் பதிவாகியுள்ளன. பின்னர் 1920-களில் கொழும்பில் போதகர் பால் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன், இன்று தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. அமெரிக்காவில் 1914-இல் உருவான அசெம்ப்ளீஸ் ஆஃப் காட் அமைப்பும் தமிழ்நாட்டில் வேரூன்றியது. இவை தவிர, எந்த அமைப்பிலும் சேராமல், ஒரு போதகரும் சில பத்துக் குடும்பங்களுமாக இயங்கும் சுயாதீன சபைகள் ஊர்தோறும் உள்ளன.

நீலகிரிக்குக் கிறிஸ்தவம் இச்சபைகளுக்கு முன்பே வந்துவிட்டது. உதகையின் புனித ஸ்டீபன் ஆலயம் 1830-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. 1840-களில் பாசல் மிஷன் ஊழியர்கள் கேத்தியில் தங்கிப் பணிசெய்தார்கள். பெந்தெகொஸ்தே சபைகள் பிற்காலத்தவை. அவற்றின் பாய்களில் இன்று அமர்ந்திருப்பவர்களில் தலைமுறைகளாகத் தோட்ட லயன்களில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில், வாழ்ந்தவர்கள் உண்டு. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பி, அவர்களுக்கு வேலை தருவதற்காக 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உண்டு. சொந்தமாகச் சிறிது தேயிலை வைத்திருப்போர், காய்கறித் தோட்டக் கூலிகள், வாடகைக் கார் ஓட்டுநர்கள், லாட்ஜ்களில் துப்புரவு செய்வோர், செவிலியர், ஆசிரியர் ஆகியோரும் உண்டு. ஏறக்குறைய இவர்கள் அனைவருடைய வருமானமும் வானிலையைச் சார்ந்தது. இதை மனத்தில் கொண்டால்தான் இவர்களுடைய ஜெபம் விளங்கும்.

ஒருமித்து ஜெபிக்கும் விதம்

கூட்டு ஜெபத்துக்கு இவர்கள் வேதாகமத்திலிருந்து முதன்மையாகக் காட்டும் இடங்கள் இரண்டு. பெந்தெகொஸ்தே நாளின் வரலாறு, "எல்லாரும் ஒருமனப்பட்டு ஓரிடத்திலே வந்திருந்தார்கள்" என்று தொடங்குகிறது. அதே நூலின் 4-ஆம் அதிகாரத்தில், பேதுருவும் யோவானும் அச்சுறுத்தி அனுப்பப்பட்டதைக் கேட்ட சபையார் ஒருமனப்பட்டுத் தேவனை நோக்கிச் சத்தமிட்டார்கள். ஒருமனம் வேண்டும், வாயும் திறக்க வேண்டும் என்பது இவ்விரண்டிலிருந்தும் இவர்கள் கற்றுக்கொண்ட பாடம்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சமவெளியில் இது பெரும்பாலும் பகலில் நடக்கும். தோட்டத் தொழிலாளர்கள் மிகுந்த சபைகளிலோ, கொழுந்து நிறுத்துக் கணக்குக் கொடுத்து, வீட்டுக்குச் சென்று கைகால் கழுவி வரும் பெண்களுக்காக மாலையில்தான் தொடங்கும். முதலில் பாட்டு, பிறகு சிறிது நேரம் ஸ்தோத்திரம், அதாவது எதையும் கேட்காமல் தேவனைத் துதிப்பது மட்டும். அதன்பின் ஜெபக்குறிப்புகள். சிலர் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார்கள். எழுதப் பழகாதவர்கள் எழுந்து நின்று, "ஐயா, மகனுக்கு வேலை நிரந்தரமாக வேண்டும்", "சிஸ்டர் வீட்டுச் சுவர் விரிந்திருக்கிறது" என்று சுருக்கமாகச் சொல்வார்கள். போதகர் ஒரு குறிப்பைச் சபைக்கு எடுத்துச் சொல்லி, "எல்லாரும் இதற்காகக் கருத்தாய் ஜெபிப்போம்" என்றதும் ஒலி எழுகிறது. உயர்த்திய கைகளில் பல, கொழுந்துச் சாறு பட்டு விரல்நுனி கறுத்தவை. சோப்புப் போட்டாலும் அந்தக் கறை அன்றே போகாது. சில நிமிடங்கள் உச்சத்தில் நின்ற ஒலி தானாகத் தணியத் தொடங்கும்போது, போதகர் ஒருவரே குரலை மேலெடுத்து அந்தக் குறிப்பை முடித்துவைப்பார், அல்லது ஒருவர் ஒரு பல்லவியைத் தொடங்க, தனித்தனியே ஓடிய குரல்கள் அதில் வந்து சேரும். பிறகு அனைவரும் "ஆமென்" என்று சொல்லி அடுத்த குறிப்புக்குச் செல்வார்கள்.

பழக்கமில்லாத காதுக்கு இது இரைச்சலாகப்படுவது இயல்பு. ஆனால் இம்முறையில் ஒரு பெரிய இரக்கம் இருப்பதாக நான் கருதுகிறேன். பலர் முன்னிலையில் தனியே எழுந்து நான்கு வாக்கியம் பேசத் தயங்கும் ஒரு மூதாட்டிக்கு, அந்தப் பேரொலி ஒரு மறைவிடம். தம் சொற்களை அருகிலிருப்பவர் எடைபோடமாட்டார் என்ற துணிவில், குடிகார மகனைப் பற்றியும் அடைக்க முடியாத கடனைப் பற்றியும் அவர் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார். அதே நேரத்தில், தமக்காகச் சுற்றிலும் பலர் மன்றாடுகிறார்கள் என்பதும் அவருக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. மொழிக்கும் இது பொருந்தும். மூன்று மாநிலங்கள் சந்திக்கும் கூடலூர்ப் பக்கத்தில் தமிழ், மலையாளம், கன்னடம் ஆகியவையும், குந்தா, கோத்தகிரிப் பக்கங்களில் படுகர் மொழியும் வீட்டு மொழிகள். ஒருவர் மட்டும் ஜெபித்தால் ஒரு மொழியே ஒலிக்கும், எல்லாரும் ஜெபித்தால் எவரும் தம் வீட்டு மொழியை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டியதில்லை.

இந்த ஒலியின் நடுவே, அங்கிருக்கும் எவருக்கும் விளங்காத சொற்களும் கேட்கலாம். அதுவே அந்நியபாஷை. தனக்குச் சொல் கிடைக்காத இடத்தில் ஆவியானவர் தன் மூலமாக ஜெபிக்கிறார் என்பது விசுவாசியின் நம்பிக்கை. சபை நடுவில் ஒருவர் அந்நியபாஷையில் உரத்த குரலில் செய்தி கூறினால் அதற்கு அர்த்தம் சொல்பவர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பேசுபவர் மௌனமாகத் தமக்குள் தேவனோடு பேசிக்கொள்ள வேண்டும் என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14-ஆம் அதிகாரத்தில் பவுல் ஒழுங்கு வகுத்திருக்கிறார். நல்ல போதகர்கள் அந்த அதிகாரத்தை அடிக்கடி நினைவூட்டுகிறார்கள்.

மற்ற வடிவங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். வீட்டு ஜெபம் வாரத்துக்கு ஒரு வீடாகச் சுற்றிவரும். சங்கிலி ஜெபத்தில், ஆளுக்கு ஒரு மணி நேரமாகப் பெயர் கொடுத்து, இடைவெளியின்றி ஒருநாளோ அதற்கு மேலோ தொடர்வார்கள். காத்திருப்புக் கூட்டம் அபிஷேகத்தை நாடிக் கூடுவது. முழு இரவு ஜெபம் மாதத்துக்கு ஒருமுறை, இரவு உணவுக்குப் பின் தொடங்கி விடியும்வரை செல்லும். மலையில் இதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் சேர்ந்துகொள்கிறது: இரவு பத்து மணிக்குக் கூட்டத்தை முடித்தால், பேருந்து இல்லாத அந்நேரத்தில், கரடியும் காட்டுமாடும் சிறுத்தையும் நடமாடும் தோட்டப் பாதைகளில் யாரும் வீடு திரும்ப முடியாது, பந்தலூர்ப் பக்கம் என்றால் யானையும் உண்டு. ஆகவே பிள்ளைகளைக் கம்பளியில் சுற்றி ஓரமாகத் தூங்கவைத்துவிட்டு, நடுச்சாமத்தில் பிளேன் டீயும் வரக்கி என்னும் மொறுமொறுப்பான தின்பண்டமும் சாப்பிட்டு, வெளிச்சம் வந்த பிறகே கலைவார்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். ஜெபக்குறிப்பு என்பது ஒருவர் நம்பிக்கையோடு திறந்து வைத்த மனம். அது மறுநாள் குழாயடிப் பேச்சாக மாறினால், அந்த வீட்டார் மறுபடி வாய்திறக்கமாட்டார்கள். நோய்க்காக எண்ணெய் பூசி ஜெபிப்பது யாக்கோபு நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தில் உள்ள கட்டளைதான். என்றாலும், ஜெபித்த கையோடு நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே பொறுப்புள்ள சபைகளின் வழக்கம், அதுவே சரியென்றும் நான் உறுதியாக நம்புகிறேன். மருந்தை விலக்கும் போதனையும் சில இடங்களில் உண்டு என்பதால் புதியவர் இதைத் தெரிந்திருப்பது நல்லது.

பனியிலிருந்து பனிவரை

ஜனவரி மாதம் உறைபனியின் உச்சம். தாழ்வான பள்ளங்களில் அதிகாலையில் புல்லும் கொழுந்தும் கருகுகின்றன. இளந்தேயிலைச் செடிகளைத் தாகை போன்ற காட்டுச் செடிகளை வெட்டிவந்து மூடிவைக்கிறார்கள். கொழுந்து குறைவதால் தொழிலாளியின் கைக்கு வரும் பணமும் குறைகிறது. தானியேல் மூன்று வாரம் துக்கித்து ருசியான உணவை விலக்கியதை முன்மாதிரியாகக் கொண்டு, பல சபைகள் ஆண்டின் தொடக்கத்தில் 21 நாள் உபவாச ஜெபம் நடத்துவது வழக்கம். எல்லா ஊரிலும் உள்ள இவ்வழக்கம், மலையில் அடுப்பங்கரையே சுருங்கியிருக்கும் மாதத்தில் வந்து விழுகிறது. ஒருவேளை உணவை விட்டு மிச்சம் பிடித்த அரிசியை, அதைவிட வறுமையில் இருக்கும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பழக்கம் சில சபைகளில் இருக்கிறது. ஏசாயா 58-ஆம் அதிகாரம் உபவாசத்துக்குச் சொல்லும் பொருளும் அதுதான்.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வறட்சியும் காட்டுத்தீயும் கவலை தருகின்றன. பாசன வசதி உள்ளவர்கள் நீர்போகத்துக்கு உருளைக்கிழங்கு வைக்கிறார்கள். இல்லாதவர்கள் கோடை மழைக்குக் காத்திருக்கிறார்கள். பெரிய வெள்ளியும் உயிர்த்தெழுதல் ஞாயிறும் இக்காலத்தை ஒட்டி வருகின்றன. பெந்தெகொஸ்தே சபைகளில் சில இந்நாட்களைச் சிறப்பாக ஆசரிக்கின்றன. சில எல்லா ஞாயிறும் உயிர்த்தெழுதலின் நாளே என்று தனி ஆசரிப்பைத் தவிர்க்கின்றன.

ஏப்ரலும் மே மாதமும் சீசன். மலர்க் கண்காட்சிக்கும் குளிருக்கும் வரும் கூட்டத்தால் ஓட்டுநருக்கும் லாட்ஜ் பணியாளருக்கும் ஞாயிறுகூட ஓய்வில்லை. அவர்களுக்காக அதிகாலை ஆராதனை வைக்கும் சபைகள் உண்டு. நள்ளிரவு கடந்து கேரட் அறுவடைக்குப் போய், கழுவி மூட்டையிட்டு மேட்டுப்பாளையம் லாரியில் ஏற்றிவிட்டுத் திரும்புபவர்களுக்கு அந்த நேரமும் ஒத்துவராது என்பதால் மாலை ஆராதனையும் தேவைப்படுகிறது. பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடப்பதும் இக்காலத்திலேயே. ஞானஸ்நானத்துக்கும் இதுவே ஏற்ற பருவம். தண்ணீரின் குளிர்ச்சி எந்த மாதத்திலும் மலையில் குறைவதில்லை. ஆயினும் வெயில் உள்ள நாளில் நீரோடையிலோ சபையின் தொட்டியிலோ மூழ்கி எழுபவரை வெளியே எடுத்து, உடனே கம்பளி போர்த்தி, உலர்ந்த உடைக்கு அனுப்ப இயலும். முதியவர்கள் இருந்தால் தொட்டியில் சில அண்டா வெந்நீர் ஊற்றுவதையும் பார்க்கலாம்.

உயிர்த்தெழுதல் நாளிலிருந்து கணக்கிடும்போது பெந்தெகொஸ்தே ஞாயிறு மே மாதத்திலோ ஜூன் முற்பகுதியிலோ வருகிறது. இயேசு பரமேறிய நாளுக்கும் அதற்கும் இடையே சீஷர்கள் காத்திருந்ததை நினைத்து, அந்தப் பத்து நாட்களில் காத்திருப்புக் கூட்டம் நடத்தும் சபைகள் பல. நீலகிரியில் அது தென்மேற்குப் பருவமழைக்கு முந்தைய வாரங்களாக அமைந்துவிடுகிறது. ஓட்டு வீடுகளில் ஒழுக்கு அடைப்பதும், விறகை உள்ளே எடுத்து அடுக்குவதும், மாலையில் ஆவியானவருக்காகக் காத்திருப்பதும் ஒரே வாரத்து வேலைகள்.

இந்தப் பொருத்தத்துக்குப் போதகர்கள் வேதாகமத்திலேயே சான்று காண்கிறார்கள். இஸ்ரவேல் தேசத்தில் விதைப்புக் காலத்தில், அக்டோபர், நவம்பர் வாக்கில் பெய்வது முன்மாரி. கதிர் முற்றும் முன், மார்ச், ஏப்ரல் வாக்கில் பெய்வது பின்மாரி. யோவேல் தீர்க்கதரிசி இவ்விரு மழைகளையும் வாக்களித்துவிட்டு, சில வசனங்களுக்குப் பின் "மாம்சமான யாவர்மேலும்" ஆவி ஊற்றப்படும் என்கிறார். பேதுரு பெந்தெகொஸ்தே நாளில் எடுத்துப் பேசியது அந்தப் பகுதியையே. ஆகவே எருசலேமில் அன்று நடந்தது முன்மாரி, கடைசி நாட்களில் உலகெங்கும் நடப்பது பின்மாரி என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே பெந்தெகொஸ்தே ஊழியர்கள் போதித்துவந்திருக்கிறார்கள். மழை என்றால் குழாய்த் தண்ணீர் என்று மட்டும் அறிந்த நகரத்தாருக்கு இது ஓர் உருவகமாக நின்றுவிடக்கூடும். ஆண்டுக்கு இரண்டு பருவமழைகளை எதிர்பார்த்து வாழும் மலைத் தோட்டக்காரர்களுக்கு, மழை தவறினால் என்ன ஆகும் என்பதும் மழை மிஞ்சினால் என்ன ஆகும் என்பதும் உடம்பால் தெரியும்.

ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி, அப்பர்பவானி ஆகிய மேற்குப் பகுதிகளில் வலுக்கிறது. 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானதை மலைவாசிகள் மறக்கவில்லை. இம்மாதங்களில் கற்பூர மரங்கள் (யூகலிப்டஸ்) சாய்ந்து வழி அடைபடுவதால் தொலைவிலுள்ளோர் சபைக்கு வர இயலாது. வீட்டு ஜெபம் லயனுக்கு ஒன்றாகப் பிரிந்துகொள்கிறது. மின்சாரம் இல்லாத மாலையில் கீபோர்டும் ஒலிபெருக்கியும் இல்லாமல், கஞ்சிரா ஒலியும் கைத்தட்டலும் மட்டும் துணையாக நடக்கும் அந்தச் சிறு கூட்டங்களில்தான் ஒருவர் சுமையை மற்றவர் உண்மையாக அறிந்துகொள்கிறார்கள் என்பது என் கருத்து.

மழைக்காக ஜெபிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தேயிலைக்கு இடைவெளி விட்டுப் பெய்யும் மழை வேண்டும். விடாமல் பெய்து வெயிலே இல்லாவிட்டால் கொப்புள நோய் இலையைத் தின்றுவிடும். உருளைக்கிழங்குக்கு ஈரமும் மூடுபனியும் நீடித்தால் இலைக்கருகல் வந்து சில நாட்களிலேயே வயல் கறுத்துவிடும். கேரட் எடுக்கும் வாரத்தில் மழையே கூடாது. சீசனில் வானம் வெளித்திருக்க வேண்டும் என்று ஓட்டுநர் விரும்புகிறார். ஏப்ரல் மழை பிந்தினால் கொழுந்து இல்லை என்று அவர் அருகிலேயே அமர்ந்திருக்கும் சகோதரி கலங்குகிறார். சரிவின் கீழே வீடு கட்டியிருப்பவருக்கு எந்த மழையும் அச்சமே. "எலியா என்பவன் நம்மைப்போலப் பாடுள்ள மனுஷனாயிருந்தும்" அவன் ஜெபத்தினால் மழை நின்றது, பெய்தது என்று யாக்கோபு எழுதுகிறார். ஆனால் ஒரே சபையில் ஒருவர் நிற்கும்படியும் மற்றவர் பெய்யும்படியும் கேட்டால் ஒருமனம் என்பது எங்கே?

மலைச் சபைகள் இதற்குத் தம் அனுபவத்தில் கண்ட வழியை, கூட்டு ஜெபத்தைப் பற்றி அறிய விரும்புவோர் மிகவும் கவனிக்க வேண்டும். உபாகமத்தில் மழை வாக்களிக்கப்படும்போது அது ஏற்ற காலத்து மழையாகவே வாக்களிக்கப்படுகிறது. ஆகையால் இவர்கள் "மழை தாரும்" என்றோ "மழையை நிறுத்தும்" என்றோ கேட்பதை விட்டு, "ஏற்ற காலத்தில், சேதமில்லாமல்" என்று கேட்கப் பழகியிருக்கிறார்கள். அதற்கும் மேலாக, நான் அறிந்த ஒரு சபையில், போதகர் ஒவ்வொருவரையும் பிறர் தொழிலுக்காக ஜெபிக்கச் சொல்வார். ஓட்டுநர் கொழுந்துக்காகவும் பச்சைத் தேயிலை விலைக்காகவும் ஜெபிக்க வேண்டும். கொழுந்து பறிப்பவர் வாடகைக் கார்களின் ஓட்டத்துக்காக ஜெபிக்க வேண்டும். தேயிலைக்காரர் சரிவின் கீழுள்ள வீட்டின் சுவருக்காக ஜெபிக்க வேண்டும். தன் தேவையை வாயில் எடுக்காமல் அடுத்தவர் தேவையைச் சத்தமிட்டுச் சொல்வது தொடக்கத்தில் மிகவும் கடினம். ஆனால் சில மாதங்கள் இப்படி ஜெபித்தவர்கள், மழை பெய்த மறுநாள் காலையில் முதலில் விசாரிப்பது தங்கள் தோட்டத்தை அன்று, அந்த வீட்டுச் சுவரை. வானிலை ஜெபத்துக்கு இணங்குகிறதா என்ற கேள்விக்கு விடை எதுவானாலும், ஜெபிப்பவர்கள் ஒருவருக்கொருவர் இணங்கிவருவதை அருகிலிருந்து பார்க்கலாம்.

செப்டம்பர், அக்டோபரில் இரண்டாம் சீசன் சிறிய அளவில் வந்துபோகிறது. அதன்பின் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களைத் தாக்குகிறது. 2009 நவம்பரில் நேர்ந்த நிலச்சரிவுகளில் இம்மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு, இம்மாதத்தில் இரவு மழை வலுத்தால், சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஜெபக்குறிப்போடு கூடவே "கீழ் லயனில் இருப்பவர்கள் சபைக்கு வந்து படுத்துக்கொள்ளுங்கள், சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது" என்பது போன்ற செய்தியும் வருவதுண்டு. எழுப்புதல் கூட்டங்களையும் கன்வென்ஷன்களையும் அனுபவமுள்ள சபைகள் இக்காலத்தில் வைப்பதில்லை. மழை ஓய்ந்த பிறகோ கோடையிலோ வைக்கின்றன.

முதற்பலன் காணிக்கை ஆண்டில் ஒரே நாளில் அமைவதில்லை. சமவெளியில் ஒரே அறுவடை, ஒரே அறுப்பின் பண்டிகை என்று வைத்துக்கொள்ள முடிகிறது. மலையிலோ உருளைக்கிழங்குக்கு நீர்போகம், கார்போகம், கடைபோகம் என மூன்று போகம், தேயிலைக்கு இரு வாரத்துக்கு ஒரு பறிப்பு. ஆகவே முதல் மூட்டை எடுத்தவர் எடுத்த ஞாயிறன்றே ஒரு கூடை கேரட்டையோ முட்டைக்கோஸையோ மேடைக்கு முன் கொண்டுவந்து வைத்துச் சாட்சி சொல்வார். பிற்பாடு அது போதகர் வீட்டுக்கும் வருமானமற்ற குடும்பங்களுக்கும் பிரித்துக் கொடுக்கப்படும்.

டிசம்பர் மீண்டும் பனியைக் கொண்டுவருகிறது. கிறிஸ்துமஸைக் கொண்டாடும் பெந்தெகொஸ்தே சபைகளும் உண்டு, வேதாகமத்தில் அந்நாள் கட்டளையிடப்படவில்லை என்று விலக்கும் சபைகளும் உண்டு. ஆனால் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் பெரும்பாலான சபைகள் ஒன்றுபடுகின்றன. "வருஷத்தை உம்முடைய நன்மையால் முடிசூட்டுகிறீர்" என்ற 65-ஆம் சங்கீத வசனம் அன்று பல இடங்களில் வாசிக்கப்படும். அந்த ஆண்டில் இறந்தவர், பிறந்தவர், வேலைக்காகத் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிப்போன இளைஞர் ஆகியோரின் பெயர்கள் ஜெபத்தில் சொல்லப்படும். நள்ளிரவைத் தாண்டும்போது அனைவரும் முழங்காலில் இருப்பார்கள். பின்னர் புத்தாண்டு வாக்குத்தத்த வசனம், அதாவது அவ்வாண்டுக்குத் தேவன் தரும் வாக்குறுதியாகக் கொள்ளப்படும் வேதவசனம், அறிவிக்கப்பட்டு, அச்சிட்ட அட்டையாக ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுக்கப்படும். லயன் வீடுகளின் கதவுக்கு மேல் முந்தைய ஆண்டுகளின் அட்டைகளும் வரிசையாக ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம்.

நேரில் சென்று பார்க்க விரும்பும் புதியவருக்குச் சில குறிப்புகள் போதும். செருப்பை வெளியே விட வேண்டும். பெண்கள் ஜெப நேரத்தில் தலையில் முக்காடு இடுவார்கள், விருந்தினரும் அவ்வாறு செய்வது மரியாதை. ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பக்கம் அமர்வார்கள். மற்றவர்கள் சத்தமாக ஜெபிக்கும்போது நீங்கள் கண்மூடி அமைதியாக இருக்கலாம், யாரும் குறை காணமாட்டார்கள். காணிக்கைப் பை வரும்போது விருந்தினர் போட்டாக வேண்டும் என்பதில்லை. அப்பம் பிட்குதலில், அதாவது இயேசுவின் மரணத்தை நினைவுகூரும் திருவிருந்தில், அச்சபையின் விசுவாசிகள், பெரும்பாலும் ஞானஸ்நானம் பெற்றவர்கள் மட்டுமே, பங்குபெறுவார்கள். பெரும்பாலான சபைகளில் அது மாதத்தின் முதல் ஞாயிறன்று நடக்கும் என்பதால், முதல் முறை செல்பவர் வேறொரு ஞாயிறைத் தேர்ந்துகொள்வது வசதி. புகைப்படம் எடுப்பதற்கு முன் போதகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஜெபக்குறிப்புகள் வாசிக்கப்படும்போது எதையும் பதிவு செய்யாதீர்கள். முழு இரவு ஜெபத்துக்குச் செல்வதானால் கம்பளியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு, கடைசிப் பேருந்திலேயே போய்ச் சேர்ந்துவிடுங்கள்; நடுவில் திரும்ப வழி இருக்காது.